பெரியம்மா மொழிபெயர்த்த ஒரு வசனம்

எங்கள் பெரியம்மா சுஹைரா ஒரு ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கிறார். நாற்பத்தோராம் பக்கத்தில் தொடங்கி அறுபதாம் பக்கம் வரைக்கும் அவர்தான். ஆனால் எங்கள் ஊர் கிண்ணியாவில் யாரிடமும் அதைக் காட்டிப் பெருமை பேச ஏலாது. அதில் அவருக்குப் பெயர் இல்லை, ‘ஆர்’ என்று ஒரேயொரு எழுத்துத்தான். ஆளை மறைக்க வேண்டுமாம், அதுதான் அந்தப் படிப்பின் மரியாதையாம். அடுத்த பக்கத்திலேயே எங்கள் வீட்டின் படம் பெரிதாக இருக்கிறது, கதவிலக்கத்தோடு.

பெரியம்மா என் உம்மாவின் ராத்தா. நாற்பத்தேழு வயது, கலியாணம் முடிக்கவில்லை. எங்கள் கல்வீட்டுக்குப் பின்னால், சமைக்கிற குசினியை ஒட்டித் தகரம் போட்ட ஒரு அறையில் இருக்கிறார். காலையில் குடையை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு எதிரே இருக்கும் போட்டோகொப்பிக் கடைக்குப் போவார். கடைக்குள் ஒரு மேசை, ஒரு கதிரை. ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியதெல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும்: விசாப் படிவம், முறைப்பாடு, வெளிநாட்டு முதலாளிக்குக் கடிதம். அவருடைய வாப்பா சீனன்குடாவில் களஞ்சியக் கிளாக்கராக இருந்தவர். வேலைத்தலத்தில் எறிகிற ஆங்கிலப் பத்திரிகையெல்லாம் மகளுக்குக் கொண்டு வந்து கொடுத்தாராம். அதே இரத்தம் எனக்கும் ஓடுகிறது, ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் எனக்கு ஓடவில்லை. கணிதமும்தான்.

பெரியம்மாவின் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எவர் எவ்வளவு காரமாகச் சொன்னாலும் அவருடைய பேனையில் அது ஆறித்தான் இறங்கும். பக்கத்து வீட்டு அப்துல் மஜீத் மாமா ஒரு முறை வாய்க்கால் தண்ணீர் விசயமாக முறைப்பாடு எழுத வந்தார். எதிர் வீட்டுக்காரனுடைய மூன்று தலைமுறையையும் இழுத்து அரை மணித்தியாலம் ஏசினார். பெரியம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு எழுதியது இதுதான்: மழைக் காலத்தில் என் மதிப்புக்குரிய அயலவரின் தண்ணீர் என் வளவுக்கு வந்து போகிறது, இருவரும் பேசித் தீர்க்க ஐயா உதவ வேண்டும். வாசித்த அதிகாரி, பிரச்சினை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று மாமாவிடம் கேட்டாராம்.

கட்டாரில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் எஜமானி அவளுடைய தாய்க்கு எழுதிய கடிதத்தையும் அந்த மேசையில் வாசிக்கக் கேட்டேன். உங்கள் மகளுக்கு வேலை தெரியாது, சும்மா அழுகிறாள் என்று இருந்தது. பெரியம்மா அதை வாசித்தார்: உங்கட மகள் உங்களை நினைச்சுக்கொண்டே இருக்கிறாளாம். தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். இது பொய்தானே என்று கேட்டேன்.

“பொய் இல்லடி. சீனி,” என்றார்.

ஊர் முழுக்கத் தெரிந்த பழக்கம்தான். இருபது வருடத்துக்கு முன்னால் அதே சீனியை அவர் சொந்தக் கதையில் போட்டது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

யுத்தநிறுத்தக் காலம் அது, இரண்டாயிரத்து மூன்று. கிண்ணியாப் பாலம் அப்போது இல்லை. அக்கரையிலிருந்து வருகிறவர்கள் பாதையில்தான் வர வேண்டும். பாதை என்றால் றோட்டு இல்லை, ஆளையும் ஆட்டையும் வாகனத்தையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற தட்டையான படகு. அந்தப் பாதையில் ஒரு நாள் நோர்வேயிலிருந்து மாரித் என்ற பெண் வந்து துறையடியில் இறங்கினார். ஊர் அவருக்கு இரண்டு நாளில் மரியம் என்று பெயர் வைத்துவிட்டது. மனிசர் எப்படி வாழ்கிறார்கள் என்று மனிசரிடமே கேட்டு எழுதுகிற படிப்பாம், மானிடவியல். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மூத்தவளுக்குக் கட்டிய வீடு மூத்தவளுக்கு, அடுத்தவளுக்கு வேறு கட்ட வேண்டும். எங்களுக்கு இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். மாரித் இதற்காக ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தார்.

மொழிபெயர்க்கப் பெரியம்மா போனார். அப்போது இருபத்தைந்து வயது. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் திரிந்தார்களாம், மாரித் மிதிக்கப் பெரியம்மா பின்னால். ஆலங்கேணி வரைக்கும், வெள்ளை மணல் வரைக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும், முடிந்து திரும்பும்போது மாரித் கேட்பாராம், நீ என்ன நினைக்கிறாய் என்று. அந்தக் கேள்வியைப் பெரியம்மா இன்றைக்கும் மாரித்தின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். வேறு எதையும் அவர் நடித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் மாசியில் என் உம்மா நபீஸாவுக்குச் சம்பந்தம் வந்தது. அவருக்கு இருபது வயது. மாப்பிள்ளை, அதாவது என் வாப்பா, நல்லவர், ஆனால் அவர் ஆட்கள் கல்வீடு கேட்டார்கள். இருந்தது ஒரு கல்வீடு. அது மூத்தவள் சுஹைராவுக்கென்று கட்டியது. இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் உம்மா, செய்னம்பு என்று பெயர், அதைத் தூக்கி இளையவளுக்குக் கொடுத்தார். பெரியம்மாவின் வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார், கேட்க வேறு ஆள் இல்லை.

மாரித்துக்கு இது பெரிய விசயம். கசெற் பதிகிற பெட்டியைக் கொண்டு வந்து முன் மண்டபத்தில் செய்னம்பு உம்மாவுக்கு எதிரே வைத்தார். மூத்த மகள் இதற்குச் சம்மதித்தாளா என்று கேட்டார். செய்னம்பு உம்மா ஏதோ சொன்னார். அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவள் அந்த மூத்த மகளேதான். உலகத்தில் எந்தப் படிப்புக்காகவும் ஒரு ஆளை அப்படி ஒரு கதிரையில் இருத்தக்கூடாது.

புத்தகத்தில் அந்தப் பதில் இப்படி இருக்கிறது: அவளாகவே தந்தாள், சந்தோசமாகத் தந்தாள். இந்தக் கரையில் பெண்ணுக்குச் சொத்து வெறும் பெயருக்கு இல்லை, அவள் விரும்பினால் தூக்கிக் கொடுக்கவும் முடியும் என்று அந்த ஒரு வசனத்தின் மேல் மாரித் இருபது பக்கம் கட்டினார்.

என் உம்மாவும் அந்த வசனத்தின் மேல்தான் ஒரு வாழ்க்கையைக் கட்டினார். மாரித்திடம் சொன்னது எப்படியோ ஊருக்குள் வந்து, ராத்தா தானாகத் தந்த வீடு என்று ஆகிவிட்டது. வருகிற விருந்தாளி எல்லோருக்கும் உம்மா தேத்தண்ணியோடு அதையும் கொடுப்பார். பிறகு பெரியம்மாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது, வீடு எங்கே என்று கேட்டது, போனது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

உம்மாவின் கலியாணம் நடந்த அதே வருடம் மார்கழியில் கடல் வந்தது. செய்னம்பு உம்மா அன்று காலையில் கரையோரத்தில் ஒரு வீட்டுக்கு நோயாளி பார்க்கப் போயிருந்தார், திரும்பி வரவில்லை. வீட்டின் கல் நின்றது, அலுமாரி போனது, அதற்குள் இருந்த படமெல்லாம் போனது. அடையாள அட்டையில் இருந்த படமும் அவரோடு போனது. மாரித் அதற்கு முன்பே ஊருக்குத் திரும்பியிருந்தார். இரண்டு கடிதம் வந்தது, பிறகு சண்டை தொடங்கியது, கடிதமும் நின்றது.

மாரித்தின் புத்தகம் வந்த பிறகு படித்தவர்களுக்குள் வேறொரு சண்டை தொடங்கியது. கேரளத்தில் கண்ணூர் என்ற ஊரில் ஒரு பேராசிரியை. அவரும் முஸ்லிம், அவர் பிறந்ததும் தாய்வழியில் போகிற ஒரு வீட்டில்தான். மாரித்தின் புத்தகத்தை வாசித்துவிட்டுச் சும்மா இருக்காமல் நோர்வே வரைக்கும் போய், அங்கே பல்கலைக்கழகத்தில் பூட்டி வைத்திருந்த கசெற்றைக் கேட்டிருக்கிறார். மலையாளக் காதுக்கு நம் பேச்சு பாதிக்கு மேல் விளங்கும். தாய் அப்படிச் சொல்லவேயில்லை, மகளிடம் கேட்கவில்லை என்றுதான் சொல்கிறாள் என்று எழுதினார். பெண்ணிடம் வீடு இருக்கிறது என்று வெளியார் ஆசைப்பட்டுப் பார்க்கிறார்கள், அந்த வீட்டுக்குள் வளர்ந்தவளுக்குத்தான் தெரியும் என்றார். மாரித் பதில் எழுதினார்: நீங்கள் உங்கள் வீட்டு வலியை இன்னொருவர் வீட்டில் வைத்துப் பார்க்கிறீர்கள், நான் என் பக்கத்தில் இருந்தவளை நம்புகிறேன். பிறகு கானாவிலிருந்து ஒருவர், எங்கள் நாட்டிலும் தாய்வழிதான், இரண்டு பேர் சொல்வதும் பிழை என்று வந்தார். ஜப்பானிலிருந்து ஒருவர், வசனத்தை விடுங்கள், மொழிபெயர்த்தவள் யார் என்று முதலில் பாருங்கள் என்றார். பதினைந்து வருடம். நான் பள்ளிக்கூடம் போய், பள்ளிக்கூடத்தை விட்டும் வந்துவிட்டேன், எங்கள் வீட்டைப் பற்றிய வழக்கு முடியவில்லை.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், போன வருடம் பிரியதர்சினி என்ற ஒரு விரிவுரையாளர் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். திருகோணமலை ஆள், முப்பது வயது இருக்கும். கையில் எங்கள் வீட்டுப் படம். கதவிலக்கத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், ஆர் யார் என்று கேட்டார். மறைத்த மரியாதை அவ்வளவுதான்.

இந்த வழக்கால்தான் தன்னுடைய மாணவர்கள் இப்போது எந்த நேர்காணலையும் இரண்டு பத்தியாக எழுதுகிறார்கள் என்று அவர் சொன்னார். ஆள் சொன்னது ஒரு பத்தி, மொழிபெயர்த்தவர் சொன்னது பக்கத்துப் பத்தி. அதைக் கேட்டுப் பெரியம்மா வெட்கப்பட்டாரா பயந்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. பிரியதர்சினி ஒரு யோசனையோடு வந்திருந்தார். மாரித்தையும் கண்ணூர்ப் பேராசிரியையையும் கணினியில் ஒன்றாகக் கூப்பிடுவது, பெரியம்மாவே பேசுவது. இத்தனை பேர் எழுதினார்கள், ஆரிடம் யாரும் கேட்கவில்லையே என்றார்.

பெரியம்மா ஏலாது என்றுதான் முதலில் சொன்னார். பிரியதர்சினி எழும்பும்போது, அந்தக் கசெற்றையும் போட்டுக் காட்டுவார்கள் என்றார். எழும்பப் போன பெரியம்மா மறுபடி கதிரையில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டியிருந்த நேரம் என்னை அந்த மேசைக்குக் கூப்பிட்டுக் கதையைச் சொன்னார். செய்னம்பு உம்மா அன்றைக்கு என்ன சொன்னார் என்று முழுதாக ஞாபகம் இல்லை, கேட்கவில்லை என்று சொன்னது மட்டும் நெஞ்சில் இருக்கிறது என்றார். ஒரு வெளி ஆளுக்கு முன்னால் உம்மாவின் வாயிலிருந்து அது வந்ததைத் தாங்க முடியாமல் மாற்றிச் சொல்லிவிட்டாராம். யார் சரி, யார் பிழை என்பதெல்லாம் அவருக்கு ஒன்றுமில்லை.

“உம்மாட சத்தம் எனக்கு மறந்து போச்சுடி. முகம் இருக்கு, சத்தம் இல்ல. ஒருக்காக் கேட்டாப் போதும்.”

ஆனால் அந்தச் சத்தத்தில்தான் அந்த வார்த்தையும் இருக்கிறது. நபீஸா கேட்டால் அவளுடைய வீடு திருடிய வீடாகிவிடும் என்று பயந்தார். ஆகவே சனிக்கிழமை மூன்று மணிக்கு என் உம்மாவை வீட்டில் இல்லாமல் பண்ண வேண்டும். ஊரில் இதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். நான் செய்த குழப்படிகளுக்கெல்லாம் மன்னிப்புக் கடிதம் எழுதியவர் அவர்தானே.

சனிக்கிழமை முன் மண்டபத்தில்தான் சிக்னல் நன்றாக இழுக்கும் என்று பிரியதர்சினி மேசையில் கணினியை வைத்தார். உம்மா காலையிலிருந்தே வட்டிலப்பம் அவித்துக்கொண்டிருந்தார். கணினிக்குள் வருகிறவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டதற்கு, வீட்டுக்கு ஆட்கள் வரும்போது வெறுங்கையோடு இருக்க ஏலாது என்றார். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்க நான் ஓடி வந்து, மஜீத் மாமாவின் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார், உங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று சொன்னேன். உம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடினார்.

திரையில் இரண்டு பேரும் வந்தார்கள். மாரித்தின் தலை முழுதாக நரைத்திருந்தது. “சுகமா சுஹைரா,” என்றார், தமிழில். பெரியம்மா திரையின் ஓரத்தைத் தடவினார். கண்ணூர்ப் பேராசிரியை பெரிய கண்ணாடி போட்ட, அவசரமாகப் பேசுகிற மனுசி. அவர் மலையாளம் கலந்த தமிழில் மரியாதையாக நேரே விசயத்துக்கு வந்தார். தந்தீர்களா, எடுத்தார்களா, நீங்களே சொன்னால் போதும் என்றார். பதினைந்து வருடம் அந்தப் பதிலுக்குக் காத்திருந்த இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பயம். அது எனக்கே தெரிந்தது.

முதலில் கசெற் என்றார் பெரியம்மா.

முதலில் இரைச்சல் வந்தது. பிறகு ஒரு சேவல் கூவியது, எப்போதோ கறியாகிவிட்ட சேவல். மாரித்தின் இளம் குரல் ஆங்கிலத்தில் கேட்டது, பெரியம்மாவின் இளம் குரல் தமிழில் கேட்டது. அந்தக் குரலில் ஒரு துள்ளல் இருந்தது, அதை நான் பெரியம்மாவிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அதன் பிறகு செய்னம்பு உம்மா பேசினார். அடித்தொண்டைக் குரல், அவசரமில்லாதது.

“அவளிட்ட என்னத்தக் கேக்க? கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவாள். அதனாலதான் கேக்கல்ல.”

கசெற் மட்டும் ஓடியது. அதன் பிறகு பெரியம்மாவின் குரல் ஆங்கிலத்தில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அந்த வசனத்தைச் சொன்னது.

அப்போதுதான் எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கிணற்றடியில் விழுந்த மாமி கொடியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு அடிப்பதற்கென்று விளக்குமாற்றை அங்கிருந்தே கடன் வாங்கி வந்த உம்மா, அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். படியில் வரும்போதே அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

கசெற் இன்னும் முடியவில்லை. செய்னம்பு உம்மா மறுபடி பேசினார், இந்த முறை பெரியம்மாவைப் பார்த்து.

“சுஹைரா, அந்தப் புள்ளைக்குத் தேத்தண்ணி ஆறுது, குடிக்கச் சொல்லு. நீயும் குடி.”

அத்தோடு நின்றது.

“நீ தாறனெண்டு சொல்லல்லியா, ராத்தா?” என்றார் உம்மா.

“இல்ல.”

“இருவது வருசமா வாறவன் போறவனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறனே, ராத்தா தானாத் தந்த வீடெண்டு. ஒருக்கா எண்டாலும் இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே.”

பெரியம்மா திரும்பவில்லை. கசெற் நின்று போன கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கேட்டிருந்தாத் தந்திருப்பன், நபீஸா. உம்மா சொன்னது சரிதான். ஆனா கேட்டிருக்கலாம்.”

என்ன சொன்னாள் என்று மாரித் ஆங்கிலத்தில் கேட்டார். பிரியதர்சினி வாயைத் திறந்தார், பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தினார். செய்னம்பு உம்மா சொன்னதையும், நபீஸா சொன்னதையும், தான் சொன்னதையும், தான் அன்றைக்கு மாற்றிச் சொன்னதையும் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னார். என் ஆங்கிலத்துக்கே விளங்கியது. சீனி ஒரு மணிகூட இல்லை.

மாரித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லா வீட்டிலும் உன்னிடம் கேட்டேன், உன் வீட்டில் மட்டும் கேட்காமல் விட்டேன் என்றார். கேட்டால் ஓம் என்பாள் என்றது எனக்கும் அன்றைக்கே விளங்கியதுதான், ஆனால் கட்டுரைக்குக் கடைசிச் சொல் மட்டும் போதும் என்று எடுத்துக்கொண்டேன் என்றார் கண்ணூர்ப் பேராசிரியை. இனி மூன்று பத்தி என்று பிரியதர்சினி முணுமுணுத்தார், மூன்றாவது மொழிபெயர்த்தவர் சொல்லாமல் விட்டதற்கு. அவர்கள் அதைப் பற்றித் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். மூன்று நாட்டுக்காரர், ஒருவரும் சத்தம் போடவில்லை. எங்கள் வீட்டு ஆட்களுக்கு அது காதில் ஏறவில்லை.

உம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து ராத்தாவின் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னொருக்காப் போடச் சொல்லு ராத்தா.”

ஆறு தரம் போட்டார்கள். ஆறாம் தரத்தில் சேவல் எப்போது கூவும் என்று எனக்குப் பாடமாகிவிட்டது. வட்டிலப்பத்தைப் பிரியதர்சினியும் நானும் தின்றோம்.

அடுத்த நாள் காலை உம்மா பின்னறை வாசலில் போய் நின்று, முன்னறைக்கு வாறியா ராத்தா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் பெரியம்மா. அதற்கடுத்த நாளும் கேட்டார், அதே பதில். இரண்டு மாதமாகிறது, உம்மா தினமும் கேட்கிறார், பெரியம்மா தினமும் யோசிக்கிறார். முன்னறையில் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியாகிவிட்டது. வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன், வந்துவிட்டால் பிறகு கேட்க மாட்டார்களே. இந்த வீடு அடுத்தபடி எனக்கு என்று பேச்சு இருந்தது. போன கிழமை உம்மா என்னிடமும் வந்து, உனக்கு வேணுமா என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்காததால் எனக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கசெற்றின் பிரதியை மாரித் அனுப்பியிருந்தார். அதைப் பெரியம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தவள் நான்தான். ஏற்றும்போது கை சும்மா இருக்கவில்லை. தேத்தண்ணி குடிக்கச் சொல்கிற கடைசித் துண்டை மட்டும் வெட்டி, பின்நேரம் நாலு மணிக்கு அலாரமாக வைத்தேன். பெரியம்மா துள்ளி எழும்புவதைப் பார்த்துச் சிரிப்பதுதான் திட்டம்.

நாலு மணிக்குப் பெரியம்மா பின்னறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். போன் கட்டிலில் தலையணைக்கு அடியில் கிடந்தது. சுஹைரா என்றது அந்தக் குரல்.

“வாறன் உம்மா,” என்றார் பெரியம்மா.

மடித்த உடுப்பை வைத்துவிட்டு எழும்பி, குசினியைத் தாண்டி, கல்வீட்டுப் படி வரைக்கும் வேகமாக நடந்தார். முதல் படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். தலையணைக்கு அடியில் குரல் மறுபடி மறுபடி, நீயும் குடி, நீயும் குடி என்றது. நான் சிரிக்கவில்லை. ஓடிப் போய் நிறுத்தினேன், மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அழித்துவிடுகிறேன் என்றேன்.

“அழிக்காத. நேரத்தையும் மாத்தாத,” என்றார் பெரியம்மா.

இப்போது நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக உம்மா முன் மண்டபத்தில் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிடுகிறார், கொஞ்சம் ஆற வேண்டுமே. குரல் கூப்பிடும். பெரியம்மா ஒவ்வொரு நாளும் பதில் சொல்லிவிட்டுத்தான் வருகிறார்.